என் சமையலறை வழியாகப் போன வெளிச்சம்

வெண்ணெய் தடவுகிற மரக்கத்தி ஒன்றை வைத்துக்கொண்டு நாற்பதாயிரம் பேரின் இணையத்தை ஒரே காலையில் நிறுத்தியவன் நான். வெட்டவில்லை. அந்தக் கத்திக்குக் கூர் கிடையாது. ஜூனிப்பர் மரத்தில் என் கையாலேயே செதுக்கியது. குளிரில் இறுகிய வெண்ணெய்கூட அதற்கு அடங்காது. ஆனாலும் நிறுத்தினேன். பதினொரு ஊராட்சிகள், மூன்று வங்கிக் கிளைகள், ஒரு பனிச்சறுக்கு விடுதி, தேவாலய மணியைத் தானாக அடிக்கிற கருவி, எல்லாம் ஒரே நொடியில் வாயை மூடிக்கொண்டன.

நீங்கள் நம்ப வேண்டியதில்லை. என் மனைவியின் அண்ணன் ஓர்வாரே நம்பவில்லை. நில அளவை அலுவலகத்தில் நாற்பது வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர் அவர். பதிவேட்டில் இருப்பது நடந்தது, இல்லாதது நடக்காதது. வியாழக்கிழமைதோறும் பெட்ரோல் பங்க்கின் காபி மேசையில் நான் இந்தக் கதையைத் தொடங்குவேன். அவர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கூரையைப் பார்ப்பார்.

என் பெயர் சிக்ஸ்டன். முப்பத்தெட்டு வருஷம் குரூக்கோ தீவுக்கும் கரைக்கும் நடுவே கார்களை ஏற்றிப்போகிற மஞ்சள் படகை ஓட்டினேன். தூரம் எண்ணூறு மீட்டர். கணக்குப் போட்டால் பூமியை ஐந்து முறை சுற்றியிருக்கிறேன். ஒரு முறைகூட ஊரைத் தாண்டியதில்லை.

எங்கள் வீட்டை 1974இல் கட்டினோம். பாத்திரம் கழுவும்போது ஏரியைப் பார்க்க வேண்டும் என்றாள் என் மனைவி மாய்கென், அதனால் கரையை ஒட்டியே கட்டினோம். அளந்து பதிவு செய்ய வந்தவர் ஓர்வார். வேலையில் சேர்ந்து இரண்டாவது மாதம். பிப்ரவரி. இடுப்பளவு பனி. நிலம் எங்கே முடிகிறது, ஏரி எங்கே தொடங்குகிறது என்று கடவுளுக்கே தெரியாத வெள்ளை. அவர் ஒரு முளையை அடித்தார், எழுதிக்கொண்டார், போய்விட்டார். ஏப்ரலில் பனிக்கட்டி உருகியது. முளை மிதந்து போய்விட்டது. பதிவேடு மிதக்கவில்லை. அதன்படி எங்கள் வீடு கரையிலிருந்து பன்னிரண்டு மீட்டர் தள்ளி, ஏரிக்குள் நிற்கிறது.

"வாங்க மச்சான், பாத்து வாங்க, தண்ணிக்குள்ளதான் உக்காந்திருக்கோம்" என்பேன், அவர் காபிக்கு வரும்போதெல்லாம்.

"பதிவேடு தப்பா இருக்காது சிக்ஸ்டன். நம்ம பக்கம் நிலம் வருஷத்துக்கு எட்டு மில்லிமீட்டர் மேல எழும்புது. ஏரி பின்வாங்கும். நீ கொஞ்சம் பொறு."

"எவ்வளவு நாள்?"

"ஆயிரத்து ஐநூறு வருஷம் இருக்கும்."

நாங்களும் பொறுத்தோம். நாற்பத்தைந்து வருஷம் அதனால் ஒரு கெடுதலும் வரவில்லை. அப்புறம் வாரியம் வந்தது.

வட்டார ஒளிவழி வாரியம். கண்ணாடி இழை கேபிளை வீடுவீடாகக் கொண்டுபோவது அதன் வேலை. அக்டோபர் முதல் தேதி பழைய செம்புத் தொலைபேசிக் கம்பிகளைப் பிடுங்கிவிடுவோம், அதற்குள் எல்லோருக்கும் ஃபைபர் வந்துவிடும் என்று பளபளக்கிற தாளில் கடிதம் வந்தது. மற்றவர்களுக்கு அது சினிமா பார்க்கிற விஷயம். எங்களுக்கு அப்படியில்லை. மாய்கெனுக்கு இதயம் சரியில்லை. இரண்டு வருஷம் முன்னால் ஒருமுறை படுத்தி எடுத்துவிட்டது. அதிலிருந்து அவள் கழுத்தில் ஒரு சிவப்புப் பொத்தான் தொங்கும். அழுத்தினால் தொலைபேசிக் கம்பி வழியாக ஆம்புலன்ஸ் மையத்துக்குச் செய்தி போகும். கம்பி போனால் பொத்தான் வெறும் பாசிமணி. கைபேசி எங்கள் தீவில் நீராவிக் குளியலறையின் கூரைமேல் ஏறி வடமேற்கைப் பார்த்து நின்றால் எடுக்கும், காற்று இல்லாத நாளில்.

ஆகவே கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு முதல் ஆளாகப் போனேன். தேவாலயத்தின் பாரிஷ் மண்டபம், லவங்கப்பட்டை பன், காபி. வாரியத்தின் ஒருங்கிணைப்பாளர் ஊல்ரிக்கா வந்திருந்தாள். இனிமையான பெண். அவள் 'இல்லை' என்று சொல்லி யாரும் கேட்டதில்லை. அவள் 'ஆமாம்' என்று சொன்னதால் பயன் அடைந்தவரையும் யாரும் பார்த்ததில்லை.

"எங்க வீடு ஏரிக்குள்ள இல்லம்மா. கரையில இருக்கு. இணைப்பு அங்கதான் வேணும். என் பொண்டாட்டி உயிரு அதுல இருக்கு" என்றேன்.

"உங்க உணர்வை நாங்க மதிக்கிறோம் சிக்ஸ்டன்." தலையை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டாள். "ஆனா ஒன்னு புரிஞ்சுக்கணும். வாரியத்தோட நோக்கம் இணைப்பு குடுக்கறது இல்ல. இணைப்பு குடுத்த வீடுகளோட எண்ணிக்கையைக் கூட்டறது. ரெண்டும் ஒன்னுன்னு ஆரம்பத்துல நாங்களும் நினைச்சோம். அந்தக் குழப்பத்துல ரெண்டு வருஷம் வீணாப்போச்சு."

"பதிவேட்டைத் திருத்தலாமே?"

"தாராளமா. அளந்தவர் கையெழுத்து போட்டா போதும்."

நான் திரும்பிப் பார்த்தேன். ஓர்வார் மூன்றாவது பன்னை மென்றுகொண்டிருந்தார். "நான் அளந்தது சரி" என்றார்.

ஆகஸ்டில் கேபிள் வந்தது. மண் தோண்டும் இயந்திரம் நேர்கோட்டில் வந்து எங்கள் சமையலறை ஜன்னலுக்கு வெளியே நின்றது. நான்கு மாவட்டங்களை இணைக்கிற முதுகெலும்புக் கேபிள் அது, என் கட்டைவிரல் தடிமன். மேஸ்திரி வரைபடத்தைப் பார்த்தார். வீட்டைப் பார்த்தார். மறுபடி வரைபடம்.

"இங்க வீடு இல்லையே" என்றார்.

"தெரியும். சுத்திப் போங்க" என்றேன்.

"சுத்திப் போகணும்னா பாதை மாத்த அனுமதி வாங்கணும். எதுக்கு மாத்தறீங்கன்னு கேப்பாங்க. வீடு இருக்குன்னு சொல்லணும். வீடுதான் இல்லையே."

அந்தத் தர்க்கத்துக்கு எதிராக என்னிடம் இருந்தது ஒரு வீடு மட்டும்தான். போதவில்லை. கேபிள் கிழக்கு ஜன்னல் வழியாக உள்ளே வந்தது. அடுப்புக்கு மேலே போனது. மேற்கு ஜன்னல் வழியாக வெளியே போக வேண்டியது. ஆனால் கேபிள் வருகிற ராட்சத உருளை ஒன்றில் நாலு கிலோமீட்டர்தான் இருக்கும். முதல் உருளை சரியாக எங்கள் சாப்பாட்டு மேசைக்கு மேலே தீர்ந்துபோனது. ஹெர்ரிங் மீன் ஊறுகாய் ஜாடிக்கும் வெண்ணெய்க் கிண்ணத்துக்கும் நடுவே அதன் முனை தொங்கியது. அடுத்த உருளையை அங்கேதான் ஒட்ட வேண்டும்.

ஒட்டுவதற்கு எஸ்டோனியாவிலிருந்து தோனு வந்தான். இந்தக் கதையில் வேலை தெரிந்தவன் அவன் ஒருவன்தான். மேசைத் துணியை மடித்து வைத்தான், கையைக் கழுவினான், தொண்ணூற்றாறு கண்ணாடி இழைகளைத் தலைமுடி பிரிப்பதுபோல் பிரித்தான். ஒவ்வொன்றையும் சாராயத்தில் நனைத்த தாளால் துடைத்து, நறுக்கி, சின்னப் பெட்டி ஒன்றில் எதிரெதிரே வைத்து, நெருப்புப்பொறியில் உருக்கி ஒட்டினான். இரண்டு நாள். மாய்கென் சுட்ட பன்னில் பதினேழு சாப்பிட்டான். ஒட்டிய இழைகளை, மேசைக்கு மேலே மாட்டிய ஒட்டுப்பெட்டிக்குள், ஒரு தட்டில் வட்டவட்டமாகச் சுருட்டி வைத்தபோது என்னைக் கூப்பிட்டான்.

"பெரியவரே, இதப் பாருங்க. இந்த வட்டம் காபி சாஸர் அளவுக்குக் கீழ சுருங்கக் கூடாது. ரொம்ப வளைச்சா வெளிச்சம் உள்ள நிக்காது, வளைவுல ஒழுகிப்போயிரும். இழை உடையாது, ஆனா செய்தி போகாது. நேராக்கினா மறுபடி போகும்."

"போகலன்னா எப்படித் தெரியும் அவங்களுக்கு?"

"அதுவா? தலைநகரத்துல உக்காந்து ஒரு துளி வெளிச்சத்த உள்ள அனுப்புவாங்க. அது எங்க கெட்டுப்போயிருக்கோ அங்கருந்து கொஞ்சம் திரும்பி வரும். எத்தனையாவது மீட்டர்னு சொல்லிருவாங்க. இது முதுகெலும்புக் கேபிளாச்சே, உடனே ஆள் பறந்து வரும்."

"அப்படியே எங்களுக்கும் ஒரு இழை விடேன் தம்பி."

தோனு கண்ணைத் தாழ்த்திக்கொண்டான். "உங்களுக்குக் குடுத்தாச்சே." ஜன்னல் வழியாக ஏரியைக் காட்டினான். கரையிலிருந்து பன்னிரண்டு மீட்டரில் ஒரு இரும்புக் கம்பம். அதன் அடியில், தண்ணீருக்குள் அரை ஆள் ஆழத்தில், வாரியம் முத்திரை வைத்த இணைப்புப் பெட்டி. எங்கள் வீடு இணைக்கப்பட்டுவிட்டது. எங்கள் ஏரியில் இருக்கிற பெர்ச் மீன்களுக்கு இருக்கிற வேகம் பாராளுமன்றத்துக்கே கிடையாது.

ஒரே வீட்டுக்கு இரண்டு இணைப்பு கொடுக்க விதியில் இடமில்லை என்று கடிதம் வந்தது. நான் ஏழு விண்ணப்பம் போட்டேன். ஏழுக்கும் நன்றி தெரிவித்தார்கள்.

இதற்கிடையே, ஒட்டு இருக்கிற இடம் என்பதால், எங்கள் சமையலறை 'இணைப்பு அறை, இரண்டாம் வகுப்பு' என்று அறிவிக்கப்பட்டது. சுவரில் ஒரு பலகை மாட்டினார்கள். தலைக்கவசம் கட்டாயம். பாதுகாப்புக் காலணி கட்டாயம். இருபது நிமிஷத்துக்கு மேல் தொடர்ந்து இருக்கக் கூடாது. ஈரமான பொருள் கூடாது. மாய்கென் தலைக்கவசத்தோடு கஞ்சி கிண்டினாள். கஞ்சி ஈரமான பொருளா என்று எழுதிக் கேட்டேன். குழு அமைத்திருக்கிறோம் என்றார்கள். ஒரே சமயத்தில் பலர் நுழைவதைத் தடுக்க, மருந்துக்கடையில் இருக்கிற மாதிரி வரிசை எண் சீட்டு கொடுக்கிற கருவி ஒன்றையும் வாசலில் பொருத்தினார்கள். நம் மக்களுக்கு ஒரு பழக்கம் உண்டு: சீட்டுக் கருவியைக் கண்டால் கை தானாக நீளும். முதல் வாரமே நான் காபிக்குப் போகச் சீட்டு எடுத்தேன். எனக்கு முன்னால் மாய்கென்.

"உன் நம்பர் என்ன?" என்பாள் உள்ளேயிருந்து.

"பன்னெண்டு."

"பதினொன்னு இன்னும் சாப்பிட்டு முடிக்கல. நில்லு."

சிரித்தோம். என்ன செய்ய முடியும்? சிரிக்கத்தான் முடிந்தது.

அக்டோபர் முதல் தேதி கம்பங்களைப் பிடுங்கினார்கள். பொத்தான் கொடுத்த அலுவலகத்துக்கு எழுதினேன். 'பொத்தான் நல்ல நிலையில் உள்ளது, அழுத்தலாம். செய்தி போக வழி மட்டும் இல்லை' என்று பதில் வந்தது. மாய்கென் அதைக் கழற்றவில்லை. "பழகிப்போச்சு, இருக்கட்டும்" என்றாள். ராத்திரி அவள் மூச்சு விடுவதை எண்ணிக்கொண்டு படுத்திருப்பேன். அதை அவளிடம் சொன்னதில்லை.

நவம்பர் பதினாலு, காலை எட்டரை. ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தவள் கத்தியைக் கீழே வைத்தாள். தலைக்கவசத்தைக் கழற்றினாள். சமையலறையில் இருக்கிற மரசோபாவில் மெல்ல உட்கார்ந்து, அப்புறம் சாய்ந்தாள். முகம் பழைய செய்தித்தாள் நிறமாகிவிட்டது.

"சிக்ஸ்டன், கை வலிக்குது. இடது கை" என்றாள். பொத்தானை அழுத்தினாள். ஒரு தடவை, இரண்டு தடவை. பழக்கதோஷம்.

படகு அந்த வாரம் வருஷப் பழுதுபார்ப்புக்குப் போயிருந்தது. மாற்றாக விட்ட சின்னப் படகு பிற்பகல் இரண்டுக்குத்தான். பக்கத்து வீடுகள் ஒன்பதும் கோடை வீடுகள், நவம்பரில் பூட்டு. ஒன்பதிலும் இணைப்பு உண்டு, ஆள்தான் இல்லை. கைபேசியை எடுத்துக்கொண்டு குளியலறைக் கூரைமேல் ஏறி வடமேற்கைப் பார்த்தேன். நல்ல காற்று, எடுக்கவில்லை. இறங்கி ஓடி வந்தேன். அவள் கண்ணைத் திறந்து "பெட்டி..." என்று மேலே பார்த்து முணுமுணுத்தாள். என் தலைக்கு மேலே நான்கு மாவட்டங்கள் பேசிக்கொண்டிருந்தன. காய்ச்சலுக்கு என்ன சாப்பிடலாம், சறுக்கு விடுதியில் இடம் இருக்கிறதா, இன்று யாருக்குப் பிறந்தநாள், எல்லாம் அந்தக் கட்டைவிரல் தடிமனுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. "என் பொண்டாட்டி சாகறா" என்கிற மூன்று சொல்லுக்கு மட்டும் அதில் இடம் இல்லை.

அப்போதுதான் தோனுவின் சாஸர் ஞாபகம் வந்தது.

நாற்காலியில் ஏறி, மேசைக்கு மேலே இருந்த ஒட்டுப்பெட்டியின் மூடியைத் திறந்தேன். தட்டில் சுருண்டிருந்த இழைகளை அப்படியே ஒரு கற்றையாகப் பிடித்தேன். மறு கையில், ஏறுமுன் மேசையிலிருந்து எடுத்த வெண்ணெய்க் கத்தி. அதன் கைப்பிடி என் சுண்டுவிரல் அளவு. கற்றையை அதன்மேல் மெதுவாக ஒரு சுற்று, இரண்டு சுற்று, மூன்று. அப்படியே பிடித்துக்கொண்டு நின்றேன். எதுவும் கேட்கவில்லை, எதுவும் தெரியவில்லை. ஒழுகின வெளிச்சம் கண்ணுக்குத் தெரிகிற வகை இல்லை. கரையில் தேவாலய மணி ஒன்பது அடிக்க வேண்டிய நேரத்தில் அடிக்கவில்லை. அதை வைத்துத்தான் வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டேன்.

முப்பத்தொரு நிமிஷத்தில் ஹெலிகாப்டர் வந்தது. முப்பத்துநாலு என்பார் ஓர்வார், அப்படி ஒன்று வரவே இல்லை என்று சொல்லிக்கொண்டே.

வாரியத்தின் பழுதுபார்ப்பு ஆட்கள் மூன்று பேர் வாசலுக்கு ஓடி வந்தார்கள். தலைவன் பெயர் ஃபோல்கெ. குனிந்து ஷூவைக் கழற்றத் தொடங்கினார்கள், அடுத்தவர் வீடாயிற்றே. பாதி கழற்றும்போது ஃபோல்கெ சுவரில் இருந்த பலகையைப் பார்த்தான். பாதுகாப்புக் காலணி கட்டாயம். மறுபடி கட்டிக்கொண்டார்கள். கட்டி நிமிர்ந்ததும் என் தரையைப் பார்த்தார்கள். நகரவில்லை.

"வாங்கய்யா உள்ள! சேத்தோட வாங்க!" என்று கத்தினேன்.

"வீட்டுக்குள்ள ஷூவோட எப்படிங்க..." ஃபோல்கெ நிஜமாகவே வேதனைப்பட்டான். "வளர்த்த விதம் அப்படி."

சோபாவிலிருந்து, சாம்பல் நிற உதட்டால், மாய்கென் சொன்னாள்: "இழுப்பறைல நீல உறை இருக்கு. ஷூக்கு மேல மாட்டிக்கோங்க." அந்த நிலையிலும் அவர்களைக் காப்பாற்றியவள் அவள்தான். ஃபோல்கெ போகிற போக்கில் ஒரு வரிசைச் சீட்டும் கிழித்துக்கொண்டான்.

உள்ளே வந்ததும் கற்றையைப் பார்த்தார்கள், கத்தியைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள். நான் சோபாவைக் காட்டினேன். "பழுது அங்க" என்றேன்.

ஃபோல்கெ நல்லவன். வாரியத்தை ரேடியோவில் கூப்பிட்டான். ஊல்ரிக்காவின் குரல் அறை முழுக்கக் கேட்டது.

"மேடம், இங்க ஒரு அம்மா நெஞ்சுவலில படுத்திருக்காங்க. ஏத்திக்கிட்டு வரட்டுமா?"

"ஃபோல்கெ, ஹெலிகாப்டர்ல ஊழியர்களும் நெட்வொர்க் பாகங்களும் மட்டும்தான். அதுவும் அங்க எப்படி ஒரு அம்மா? அந்த இடத்துல வீடு இல்ல. வீடு இல்லாத இடத்துல குடியிருக்கறவங்க இருக்க முடியாது."

"ஆனா கண்ணு முன்னால படுத்திருக்காங்க மேடம்."

"நிதானமா யோசிப்போம். அது இணைப்பு அறை. இணைப்பு அறைக்குள்ள நிரந்தரமா இருக்கறது எதுவோ அது அறையோட பாகம். அது எவ்வளவு நாளா அங்க இருக்கு?"

ஃபோல்கெ என்னைப் பார்த்தான். "நாப்பத்தஞ்சு வருஷம்" என்றேன்.

"அப்ப நிரந்தரம்தான். வேலை செய்யுதா?"

"சரியா வேலை செய்யல மேடம்."

"பழுதான பாகத்தைப் போட்டுட்டு வரீங்களா என்ன!" ஊல்ரிக்காவின் குரலில் முதல் தடவையாகக் கண்டிப்பு. "உடனே கழற்றி எடுத்துட்டு வாங்க. சீட்டு கட்ட மறக்காதீங்க. போன தடவ சீட்டு இல்லாம ஒரு பெட்டி வந்து, அது யாருன்னு கண்டுபிடிக்கவே மூணு மாசம்."

மாய்கெனின் மணிக்கட்டில் ஒரு மஞ்சள் சீட்டைக் கட்டினார்கள். பொருள்: வகை தெரியவில்லை. தயாரித்த ஆண்டு: 1951. எடை: 64 கிலோ.

"அறுபத்திரெண்டு" என்றாள் அவள், கண்ணைத் திறக்காமல்.

தூக்கிக்கொண்டு போனார்கள். நானும் ஓடினேன். கதவருகே ஃபோல்கெ கையை நீட்டித் தடுத்தான். "பெரியவரே, நீங்க வர முடியாது. நீங்க பழுதில்ல."

"நானும் பழுதுதான்யா! பாரு, கை நடுங்குது!"

"நடுக்கம் அளவுக்குள்ளதான் இருக்கு" என்றான். அவன் கண் கலங்கியிருந்தது. விமானியிடம் "பழுதுபார்க்கற இடம், ஆஸ்பத்திரி மொட்டைமாடி" என்று அவன் கத்தியது மட்டும் கேட்டது. பனித்தூள் என் முகத்தில் அடித்தது. அப்புறம் சத்தம் இல்லை.

புறப்படுமுன் கற்றையை அவிழ்த்து, நேராக்கி, மூடியிருந்தார்கள். நான் சமையலறைக்குத் திரும்பி வந்தேன். பாதி வெண்ணெய் தடவிய ரொட்டி. அவள் தலைக்கவசம். தேவாலய மணி பத்து அடித்தது. நான் நாற்காலியில் உட்கார்ந்து கேபிளைப் பார்த்தேன். இரண்டு மணிப் படகு வரும்வரை பார்த்தேன். அவள் பிழைத்துவிட்டாள் என்று ஆஸ்பத்திரியிலிருந்து ஓர்வாருக்குச் செய்தி போனது பதினொன்றே காலுக்கு. அது என் தலைக்கு மேலேதான் போயிருக்கிறது. ஒரு முழம் உயரத்தில். என்னைத் தாண்டிக்கொண்டு.

நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது அடைப்பை எடுத்திருந்தார்கள். அவள் ஜெல்லி சாப்பிட்டுக்கொண்டு, அதில் சர்க்கரை போதவில்லை என்றாள். மேசைமேல் தலையைச் சாய்த்து நான் அழுதது பற்றி இங்கே எழுதப் போவதில்லை.

ஐந்தாம் நாள் ஓர்வார் அவளை வீட்டுக்குக் கூட்டிவந்தார். ஆஸ்பத்திரியில் ஏதோ தாமதம் என்றார். என்ன தாமதம் என்று கேட்டதற்கு, "வழக்கமான தாமதம்" என்றார். மஞ்சள் சீட்டு எங்கே என்றேன்.

"என்ன சீட்டு? ஆஸ்பத்திரி கைப்பட்டையச் சொல்றியா? அவ எல்லாரையும் மாதிரி ஆம்புலன்ஸ்லதான் போனா. நீ பதட்டத்துல என்னமோ பாத்திருக்க."

"மச்சான், தீவுக்கு ஆம்புலன்ஸ் எப்படி வரும்? படகே இல்லையே?"

"அப்ப அவ தீவுல இருந்திருக்க மாட்டா" என்றார்.

அந்தக் குளிர்காலம் முழுக்க வியாழக்கிழமைகளில் இதே சண்டை. அதற்குள் வாரியம் எங்கள் சமையலறை ஒட்டுப்பெட்டிக்கு எஃகுக் கூண்டு போட்டுப் பூட்டிவிட்டது. 'அங்கீகாரமற்ற வளைத்தல்' என்று காரணம் எழுதியிருந்தார்கள். ஆக, வெண்ணெய்க் கத்தியும் இனி வெண்ணெய்க்கு மட்டும்தான். டாக்டரோ, இன்னொரு தடவை வரலாம், வந்தால் சீக்கிரம் கொண்டுவர வேண்டும் என்றிருந்தார். பொத்தான் செத்தது, கம்பி போனது, கத்தி போனது. அவள் தும்மினால்கூட நான் எழுந்து நின்றேன்.

மே மாதம் ஊல்ரிக்கா மறுபடி வந்தாள். அதே மண்டபம், அதே பன். எட்டாவது விண்ணப்பம் ஒரு படி முன்னேறியிருந்தது.

"நல்ல செய்தி சிக்ஸ்டன்! சிறப்பு நடைமுறை ஒன்னு இருக்கு. நவம்பர் பதினாலு அன்னைக்கு அந்த இடத்துல வீடும், அதுல மனுஷங்களும் இருந்தாங்கன்னு ஒரு ஆள் சாட்சி சொன்னா போதும். பதிவேட்டை மாத்தி, ஜூன்லயே இணைப்பு குடுத்துரலாம்."

"நான் சொல்றேன். நான் இருந்தேன்" என்று எழுந்தேன்.

"நீங்க அந்த வீட்டுல குடியிருக்கறவர். வீடு இருக்கான்னு தெரியாம குடியிருக்கறவர் இருக்காரான்னு எப்படித் தெரியும்?" அன்பாகச் சிரித்தாள். "அலுவலகக் கையெழுத்து அதிகாரம் இருந்த ஆள் வேணும். இந்த வட்டாரத்துல ஒருத்தர்தான் இருக்காரு."

மண்டபம் முழுக்க ஓர்வாரைப் பார்த்தது. அவர் கையில் பன் இருந்தது. கடிக்கவில்லை.

"யோசிச்சுச் சொல்லுங்க ஓர்வார்" என்றாள் ஊல்ரிக்கா. "ஆமான்னா, எழுபத்து நாலுல நீங்க அளந்தது தப்புன்னு ஆகும். உங்க பேரோட பதிவாகும். இல்லன்னா, இந்தக் கோப்பை இங்கயே மூடிடலாம். ரெண்டுமே எங்களுக்குச் சம்மதம்."

நான் நம்பிக்கையை விட்டுவிட்டேன். நாற்பது வருஷம் ஒரு வரி தப்பாக எழுதாத மனிதர் அவர். ஏரியை நகர்த்துவாரே தவிர முளையை நகர்த்த மாட்டார். அவர் வாயைத் திறந்தபோது, நிலம் எட்டு மில்லிமீட்டர் உயருது என்பது வருகிறது என்று காத்திருந்தேன்.

மாய்கென் தன் இடத்தில் உட்கார்ந்தபடியே கேட்டாள்: "அண்ணா, நான் உன் தங்கச்சியா, பாகமா? ஏதாவது ஒன்னு சொல்லு. ரெண்டுலயும் கோவிச்சுக்க மாட்டேன்."

ஓர்வார் பன்னைத் தட்டில் வைத்தார். விரலைத் துடைத்தார். கோட்டுப் பைக்குள் கையை விட்டுப் பணப்பையை எடுத்தார்; அதற்குள்ளிருந்து நாலாக மடித்த ஒரு தாளை. அதோடு ஒரு மஞ்சள் சீட்டு, நூலோடு.

"பாகத்த ஒப்படைக்கணும்னா பெற்றுக்கொள்றவர் கையெழுத்து வேணும்னாங்க" என்றார் யாரையும் பார்க்காமல். "சிக்ஸ்டனுக்கு விலாசம் ஏரிக்குள்ள இருக்கு, அவன் கையெழுத்து செல்லாதுன்னாங்க. இவ அஞ்சு நாளா சக்கர நாற்காலில, கோட்டு போட்டுக்கிட்டு, வாசலப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தா."

தாளை ஊல்ரிக்காவின் முன்னால் விரித்தார். நான் எட்டிப் பார்த்தேன். 'பழுது நீக்கப்பட்ட பாகம், ஒன்று. நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்.' கீழே நாற்பது வருஷமாகச் சாயாத அந்தக் கையெழுத்து. அதற்கும் கீழே, சின்ன எழுத்தில், அவரே எழுதியது: 'என் தங்கை.'

ஊல்ரிக்கா பேனாவை எடுத்தாள். "அப்ப நடந்துச்சுன்னு எழுதிக்கலாமா?"

"எழுபத்து நாலுல பனி ஜாஸ்தி. கரை தெரியல. நான் தெரிஞ்ச மாதிரி எழுதிட்டேன்" என்றார் ஓர்வார். மூக்கைச் சீந்திக்கொண்டார். மஞ்சள் சீட்டை எடுத்து, மூக்குக்கண்ணாடியை ஏற்றி, ஒரு தடவை படித்தார்.

"இதுல எடை மட்டும் தப்பு. அறுபத்திரெண்டு" என்றார். "மத்ததெல்லாம் நடந்துச்சு."